கம்மோடு வாங்கும் முன் தரையிலுள்ள ஓட்டையை அளந்துவிடுங்கள்

திருச்சியில் அம்மா வீட்டு பாத்ரூமில் இருந்தது இண்டியன் டாய்லெட். முட்டிவலி வந்த பிறகு அம்மா ஒரு கையால் குழாயையும் இன்னொரு கையால் பக்கெட்டையும் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார் என்பது தெரிந்ததும், இனி தள்ளிப்போட வேண்டாம் என்று முடிவு செய்தோம். பிளம்பர் பழைய பீங்கானை உடைத்தெடுத்து, பைப்பை மாற்றி வைத்துவிட்டு, "கம்மோடு வாங்கிட்டு வந்துடுங்க சார்" என்றார். கடையில் வரிசையாக நின்றவற்றில், டேங்க்கும் அடிப்பாகமும் ஒரே உடலாக வழவழவென்று இருந்த ஒன்று பிடித்துப்போயிற்று. விலையில் கொஞ்சம் பேசி, பணத்தைக் கட்டி, லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தேன். அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் பிளம்பர் குனிந்து அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார்.

"சார், ஓட்டை ஒம்பது இன்ச்சுல இருக்கு. இது பன்னெண்டு இன்ச் பீஸ். அளந்துட்டா போனீங்க?"

அளக்கவில்லை. அளக்க வேண்டும் என்றே தெரியாது. பெட்டி பிரிந்துவிட்டது என்று ஆயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டுதான் கடைக்காரர் திரும்ப எடுத்தார். போக வர ஆட்டோ வாடகை தனி. அதற்கு அடுத்த ஒரு வாரம் நான் படித்ததும், பிளம்பரிடமும் கொத்தனாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

ஒன் பீஸ் என்றால் என்ன?

வெஸ்டர்ன் டாய்லெட்டில் மூன்று பகுதிகள் உண்டு. உட்காரும் கிண்ணம், தண்ணீரைச் சேர்த்து வைக்கிற டேங்க், கிண்ணத்துக்குக் கீழே வளைந்து போகும் பாதை. முன்பெல்லாம் டேங்க் தனியாகத் தலைக்கு மேல் சுவரில் தொங்கும். சங்கிலியை இழுத்தால் ஆறடி உயரத்திலிருந்து தண்ணீர் தடதடவென்று இறங்கும். பிறகு டேங்க் கீழே வந்து, கிண்ணத்தின் பின்பக்கத்தில் போல்ட் போட்டு உட்கார்ந்தது. அதைத்தான் கடைகளில் டூ பீஸ், கப்பிள்டு என்கிறார்கள். டேங்க்கும் கிண்ணமும் ஒரே களிமண் உடலாகச் சூளைக்குள் போய், ஒரே பீங்கானாக வெளியே வந்தால் அது ஒன் பீஸ்.

இதனால் என்ன லாபம்? டூ பீஸில் டேங்க்குக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் ஒரு ரப்பர் வாஷரும் இரண்டு மூன்று போல்ட்டுகளும் இருக்கும். நம் பாத்ரூம் எப்போதும் ஈரம். ஹெல்த் ஃபாசெட்டிலிருந்து தெறிக்கும், பக்கெட்டிலிருந்து வழியும், குளிக்கும் தண்ணீரும் அங்கேதான். சில வருடங்களில் போல்ட் துருப்பிடிக்கும், ரப்பர் விறைத்துப்போகும், இணைப்பிலிருந்து சொட்டுச்சொட்டாகக் கசியும். ஒன் பீஸில் அந்த இணைப்பே கிடையாது. அழுக்கு போய் ஒளிந்துகொள்ளும் இடுக்கும் இல்லை. ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் முடிந்தது.

நஷ்டமும் அங்கேயேதான் இருக்கிறது. டூ பீஸில் டேங்க் விரிசல் விட்டால் டேங்க்கை மட்டும் மாற்றலாம். ஒன் பீஸில் எங்கே விரிசல் விட்டாலும் மொத்தமும் போயிற்று. கனமும் அதிகம், நாற்பது கிலோவை ஒட்டி இருக்கும், மாடிக்கு ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். விலையும் கூடுதல்.

விலை ஏன் கூடுகிறது என்பதற்குக் களிமண்ணிடம் பதில் இருக்கிறது. வெள்ளைக் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மாவு எல்லாவற்றையும் தண்ணீரில் கரைத்து, தோசை மாவு பதத்தில், பிளாஸ்டர் அச்சுகளில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரத்தில் கெட்டியாகப் படியும் தோல்தான் கம்மோடு. அதைக் காயவைத்து, கிளேஸ் என்ற வழவழப்பான மேற்பூச்சைப் பூசி, ஏறக்குறைய 1200 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். காய்ந்து வெந்து முடிவதற்குள் உருப்படி ஏறக்குறைய பத்து சதவீதம் சுருங்கிவிடும். சின்ன உருப்படி சுருங்கினால் கோணல் தெரியாது. டேங்க்கோடு சேர்ந்த பெரிய உருப்படி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்கவேண்டும். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால் கழிவுதான். பானை செய்கிறவர்களுக்கு இந்தக் கவலை புதிதல்ல. இந்தத் தொழில் நமக்குத் தூரத்திலும் இல்லை. பாரிவேர் கம்பெனி ராணிப்பேட்டையில் வளர்ந்தது. நெய்சர் கம்பெனி நெய்வேலிப் பக்கம் வடலூரில். குஜராத்தின் மோர்பி, தாங்கட் பகுதிகளிலிருந்து வரும் சரக்கும் நம் ஊர்க் கடைகளில் நிறைய இருக்கிறது.

சுவரில் தொங்கும் வால் ஹங் வகையும் உண்டு. டேங்க் சுவருக்குள்ளே ஒளிந்திருக்கும், தரை முழுக்கக் காலியாக இருப்பதால் கூட்டித் துடைப்பது சுகம். ஆனால் அதை வீடு கட்டும்போதே யோசிக்கவேண்டும். பழைய பாத்ரூமில் சுவரை வெட்டி டேங்க் வைப்பது ஒரு மாத ரோதனை.

அந்த ஒன்பது இன்ச்

இப்போது என்னை மாட்டிவிட்ட விஷயத்துக்கு வருகிறேன். நேரம் இல்லாதவர்கள் இந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும்.

கம்மோடிலிருந்து கழிவு வெளியேறும் வழி இரண்டு விதம். தரைக்குள் நேராக இறங்கினால் எஸ் ட்ராப். பின்பக்கச் சுவருக்குள் போனால் பி ட்ராப். மாடி பாத்ரூம்களில், அதுவும் அபார்ட்மென்ட்டுகளில், பி ட்ராப் அதிகம். பைப் சுவரைத் துளைத்து வெளியே டக்ட் எனும் பைப் சந்தில் இறங்கும். தனி வீடுகளின் தரைத்தளத்தில் எஸ் ட்ராப் அதிகம். உங்கள் வீட்டில் எது என்று பார்க்க, பாத்ரூமுக்குள் போய் பைப் தரையில் இருக்கிறதா சுவரில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பி ட்ராப்பாக இருந்தால், டைல்ஸ் போட்ட தரையிலிருந்து பைப்பின் நடுப்புள்ளி எவ்வளவு உயரம் என்று அளக்கவேண்டும். பெரும்பாலும் 180 மில்லிமீட்டரை ஒட்டி, அதாவது ஏழு இன்ச் வாக்கில் இருக்கும்.

எஸ் ட்ராப் என்றால் அளக்கவேண்டியது வேறு. பின்சுவரிலிருந்து தரை ஓட்டையின் நடுப்புள்ளி எவ்வளவு தூரம்? ஓட்டையின் ஓரம் வரை அளக்கக்கூடாது, நடு வரை. கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 4, 9, 12 இன்ச். பெட்டியில் 100, 220 அல்லது 225, 300 என்று மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். 12 இன்ச் மாடல் என்றால், கம்மோடின் முதுகிலிருந்து அதன் வாய் 12 இன்ச் தள்ளியிருக்கிறது என்று பொருள். என் கதையில் ஓட்டை 9 இன்ச்சில் இருந்தது. வாயை ஓட்டைக்கு மேல் சரியாக வைத்தால், கம்மோடின் முதுகு மூன்று இன்ச் சுவருக்குள் போகவேண்டும். போகாது.

தலைகீழாக, ஓட்டை 12 இன்ச்சில் இருந்து நீங்கள் 9 இன்ச் மாடல் வாங்கினால்? பொருந்தும். ஆனால் டேங்க்குக்கும் சுவருக்கும் நடுவே மூன்று இன்ச் சந்து விழும். தூசியும் பல்லியும் குடியேறும், துடைப்பம் நுழையாது. இரண்டு மூன்று இன்ச் நகர்த்தித் தர வளைந்த கனெக்டர்கள் கிடைக்கின்றன. வேறு வழியே இல்லாதபோது போடலாம். ஆனால் நேராக இறங்கவேண்டிய இடத்தில் ஒரு வளைவைச் சேர்க்கிறோம். அடைப்பு அங்கேதான் பிடிக்கும்.

"சுவர்" என்கிறோமே, எந்தச் சுவர்? இதில்தான் புது வீடு கட்டுகிறவர்கள் ஏமாறுகிறார்கள். பைப் வைக்கும் நாளில் இருப்பது வெறும் செங்கல். அதன்மேல் பூச்சு, அதன்மேல் கலவையோ பசையோ, அதன்மேல் டைல்ஸ். எல்லாம் சேர்ந்து ஒரு இன்ச்சுக்கு மேல் தின்றுவிடும். செங்கலிலிருந்து 9 இன்ச் என்று வைத்த பைப், வேலை முடிந்தபின் எட்டுக்கும் கீழே வந்து நிற்கும். பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டுகிறவர்களும் இதே கணக்கைப் போட்டுக்கொள்ளவேண்டும். அளவு எப்போதும் முடிந்த சுவரிலிருந்துதான். டைல்ஸ் போடும் முன்பே மாடலை முடிவுசெய்துவிட்டு, அதன் அளவுத்தாளை பிளம்பர் கையில் கொடுப்பதுதான் உத்தமம். எல்லோரும் எதிர்வழியாகத்தான் செய்கிறோம்.

ஏற்கெனவே ஒரு கம்மோடு உட்கார்ந்திருந்தால் ஓட்டை அதன் அடியில் மறைந்திருக்கும். வெளியே தெரியும் ஸ்க்ரூவை வைத்து ஊகிக்கவேண்டாம். கழற்றிய பிறகு அளந்து, அதன்பின் கடைக்குப் போவதே நிச்சயம். ஒரு நாள் பக்கத்து வீட்டில் கேட்டுச் சமாளிக்கலாம்.

மற்ற அளவுகள் எளிது. ஒன் பீஸ் 650 முதல் 750 மில்லிமீட்டர் நீளம் வரும், டூ பீஸைவிட ஒரு சாண் குறைவு என்று கடையில் சொன்னால் நம்பவேண்டாம். முன்னால் முட்டிக்கு எதிரே இரண்டடி இடம் வேண்டும். கம்மோடின் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 15 இன்ச் இருந்தால் தோள் இடிக்காது. ஐந்துக்கு ஏழடி பாத்ரூமில் இது சரியாக அடங்கும், கதவு உள்பக்கம் திறந்து கம்மோடின் மூக்கில் மோதாத வரை. சந்தேகம் இருந்தால் பழைய நியூஸ்பேப்பரை அந்த நீள அகலத்துக்கு வெட்டித் தரையில் விரித்து, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள்.

இண்டியனிலிருந்து மாறுகிறவர்களுக்கு

இது எங்கள் வீட்டுக் கதை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எந்த டாய்லெட்டுக்கும் ட்ராப் என்ற வளைவு ஒன்று உண்டு. அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். செப்டிக் டேங்க் நாற்றமும் கரப்பானும் மேலே வராமல் தடுக்கும் கதவு அந்தத் தண்ணீர்தான். 1775-ல் லண்டனில் இந்த வளைவுக்குக் காப்புரிமை வாங்கிய அலெக்ஸாண்டர் கம்மிங் ஒரு கடிகாரக்காரர். இன்றுவரை அதைவிட நல்ல யோசனை யாருக்கும் வரவில்லை.

வெஸ்டர்ன் கம்மோடில் இந்த வளைவு பீங்கானுக்குள்ளேயே இருக்கிறது. இண்டியன் டாய்லெட்டில் வளைவு தனியாகத் தரைக்குக் கீழே புதைந்திருக்கும். சிலர் வேலையைச் சுருக்க, மேலே உள்ள பீங்கானை மட்டும் எடுத்துவிட்டு, கீழே புதைந்த பழைய ட்ராப்பின் மேலேயே கம்மோடை வைத்துவிடுகிறார்கள். இப்போது ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வளைவு, இரண்டிலும் தண்ணீர், நடுவில் போக வழியில்லாத காற்று. ஃப்ளஷ் செய்தால் கிண்ணம் நிரம்பி, கொஞ்சம் யோசித்து, மெதுவாக இறங்கும். "கம்பெனி சரியில்லை" என்று பழி கம்மோடின் மேல் விழும். ஆகவே பிளம்பரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி: "அண்ணே, பழைய ட்ராப்பை எடுத்துட்டீங்களா?" எடுக்கத் தரையை உடைக்கவேண்டும். உடைக்கட்டும்.

அப்போதே பைப்பின் வாட்டத்தையும் பார்த்துவிடலாம். நாலு இன்ச் பைப் நான்கடி ஓடினால் ஒரு இன்ச்சாவது இறங்கவேண்டும். மொட்டை மாடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுப் பைப் அடைபடாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மேல் மாடியில் ஃப்ளஷ் செய்யும்போது கீழ் பாத்ரூமில் "குளுக் குளுக்" என்று சத்தம் வந்தால், காற்று கிடைக்காமல் பைப், ட்ராப்பில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று அர்த்தம். அதற்குக் கம்மோடு மாற்றிப் பலனில்லை.

தள்ளுவதா, உறிஞ்சுவதா

ஒரு சின்னச் சோதனை. எந்த வெஸ்டர்ன் டாய்லெட்டிலும் செய்து பார்க்கலாம். ஒரு பக்கெட் தண்ணீரை மக்கில் மொண்டு மெதுவாக ஊற்றுங்கள். முழுப் பக்கெட்டும் காலியாகும், கிண்ணத்தில் உள்ளது அசையாது. ஊற்றிய அளவு வளைவைத் தாண்டி வழிந்துபோகும், அவ்வளவுதான். அடுத்து அரைப் பக்கெட்டை ஒரே வீச்சில் கொட்டுங்கள். எல்லாம் ஒரு கணத்தில் போய்விடும். கம்மோடைச் சுத்தம் செய்வதில் தண்ணீர் எவ்வளவு என்பதைவிட, எவ்வளவு வேகமாக வந்து விழுகிறது என்பதுதான் பெரிது. டேங்க் கெட்டுப்போன நாளில் இந்த அரைப் பக்கெட் வித்தை கைகொடுக்கும்.

ஒன் பீஸில் டேங்க் தாழ்வாக இருக்கிறது. உயரத்தால் கிடைத்த வேகம் குறைந்துவிட்டது. அதனால் டேங்க்கின் அடிவாயைப் பெரிதாக்கி, தண்ணீரை மொத்தமாகக் கொட்டவிடுகிறார்கள். கொட்டிய தண்ணீர் என்ன செய்கிறது என்பதில்தான் இரண்டு வகை.

வாஷ் டவுன் வகையில் தண்ணீர் கழிவைத் தள்ளுகிறது. பாதை குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும், அடைப்பு குறைவு. கிண்ணத்தில் தேங்கும் தண்ணீரின் பரப்பு சின்னது, அதனால் சுவரில் ஒட்டும். பிரஷ் அடிக்கடி வேண்டும். சத்தமும் கொஞ்சம் அதிகம்.

சைஃபானிக் வகையில் பாதையே கழிவை உறிஞ்சி இழுக்கிறது. ரேஷன் மண்ணெண்ணெயை கேனிலிருந்து மாற்ற டியூபை வாயில் வைத்து இழுத்த தலைமுறைக்கு சைஃபனை விளக்கவேண்டியதில்லை. பாதை முழுக்கத் தண்ணீர் நிரம்பியதும் இழுப்பு தொடங்கும், கடைசியில் காற்று நுழைந்து "களக்" என்று முடியும். கிண்ணத்தில் அகலமாகத் தண்ணீர் நிற்பதால் கறை குறைவு, சத்தமும் குறைவு. ஆனால் பாதை நீளம், வளைவு அதிகம், அகலம் குறைவு. குழந்தைகள் பொம்மைக் காரையும், பெரியவர்கள் வெட் டிஷ்யூவையும் போடும் வீட்டில் இது பிடிவாதம் பிடிக்கும். சைஃபானிக் பெரும்பாலும் 12 இன்ச் எஸ் ட்ராப்புக்குத்தான் வருகிறது. உங்கள் ஓட்டை 4 இன்ச்சிலோ சுவரிலோ இருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

டார்னடோ, ரிம்லெஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அவை தண்ணீர் கிண்ணத்துக்குள் எப்படி நுழைகிறது என்பதைச் சொல்லும் பெயர்கள். எப்படி வெளியேறுகிறது என்பதை அல்ல. டார்னடோ என்றால் பக்கவாட்டில் புகுந்து சுழலும். ரிம்லெஸ் என்றால் விளிம்புக்கு அடியில் மடிப்பு இல்லை. இந்த இரண்டாவதுக்கு நான் ஓட்டுப் போடுவேன், குறிப்பாக போர் தண்ணீர் வீடுகளுக்கு. விளிம்பு மடிப்புக்குள் இருக்கும் சின்னச் சின்ன துளைகளில் உப்பு படிந்து அடைத்தால் ஃப்ளஷ் நோஞ்சானாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத இடம், பிரஷ்ஷும் போகாது. மடிப்பே இல்லையென்றால் அந்தத் தலைவலி இல்லை.

வட அமெரிக்காவில் 2003 முதல் மேப் என்றொரு சோதனை நடக்கிறது. சோயா பீன்ஸ் விழுதை அளவாக உருட்டிப் போட்டு, ஒரே ஃப்ளஷ்ஷில் எத்தனை கிராம் போகிறது என்று பார்த்து மாடலுக்கு மாடல் மதிப்பெண் கொடுக்கிறார்கள். நம் ஊர்க் கடைக்காரரிடம் விழுது கேட்டால் அடிக்க வருவார். ஓடும் டெமோ கம்மோடு இருந்தால் நாலைந்து துண்டு கிழித்த காகிதத்தைப் போட்டு, சின்ன ஃப்ளஷ்ஷில் போகிறதா பாருங்கள். அது போதும்.

சின்ன ஃப்ளஷ், பெரிய ஃப்ளஷ் என்று இரண்டு பொத்தான் வைக்கும் ஏற்பாட்டை ஆஸ்திரேலியாவின் கரோமா நிறுவனம் 1980-ல் கொண்டுவந்தது. வறண்ட தேசத்தின் யோசனை நமக்கும் பொருந்துகிறது. பெரும்பாலும் 3 லிட்டரும் 6 லிட்டரும். நாலு பேர் வீட்டில் ஆளுக்கு ஐந்து முறை என்றால் ஒரு நாளைக்கு இருபது ஃப்ளஷ். பழைய 10 லிட்டர் டேங்க்கில் 200 லிட்டர். புதியதில் பெரியது நாலு, சின்னது பதினாறு என்று வைத்தால் 72 லிட்டர். மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க் வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் மோட்டார் ஓடும் நேரத்தில் தெரியும். 2019 கோடையில் சென்னையில் லாரித் தண்ணீருக்கு நின்றவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். எந்தப் பொத்தான் எதற்கு என்று விருந்தாளிகளுக்கு மட்டும் புரிவதே இல்லை. இரண்டையும் சேர்த்து அமுக்கிவிட்டு வருகிறார்கள்.

கடையில், கையால்

முதலில் உயரம். வயதானவர்களுக்கு உயரமான கம்மோடு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அம்மா நாலடி பத்து அங்குலம். ரொம்ப உயரமாக வாங்கியிருந்தால் கால் தொங்கியிருக்கும், தொடைக்கு அடியில் விளிம்பு அழுத்தும். உட்கார்ந்து பார்க்கச் சொன்னால் அம்மா கடைக்குள்ளேயே வரமாட்டேன் என்றுவிட்டார். அதனால் வேறு வழி கண்டுபிடித்தேன். வீட்டில் அம்மா எந்த நாற்காலியிலிருந்து "அப்பா முருகா" சொல்லாமல் எழுகிறாரோ, அதை அளந்தேன். பதினாறரை இன்ச். இரண்டாம் முறை கடைக்குப் போனபோது அந்த எண்ணும், ஓட்டையின் ஒன்பது இன்ச்சும் சட்டைப்பையில் இருந்தன. உயரத்தை சீட் கவரையும் சேர்த்தே அளக்கவேண்டும், பெட்டியில் போட்டிருப்பது பல நேரம் பீங்கானின் உயரம் மட்டும்தான்.

இனி பீங்கான். சமதரையில் வைத்து ஆட்டிப் பாருங்கள், ஆடினால் சூளையில் கோணிவிட்டது. ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டினால் கணீரென்று கேட்கவேண்டும். மொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல். புதுச் சரக்குதானே, வெட்கப்படாமல் கழிவு வெளியேறும் வாய்க்குள் விரலை விடுங்கள். உள்ளேயும் வழவழப்பாக இருந்தால் கிளேஸ் பூசியிருக்கிறார்கள். பிஸ்கட் போலச் சொரசொரப்பாக இருந்தால் அழுக்கு பிடித்துக்கொள்ளும், வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, ஐ.எஸ். 2556 என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பீங்கான் சானிட்டரி சாமான்களுக்கான இந்தியத் தர எண் அது.

அப்புறம் டேங்க் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது இரண்டே சாமான்: தண்ணீர் நிரப்பும் வால்வு, கொட்டும் வால்வு. பீங்கான் இருபது வருடம் நிற்கும், இந்த பிளாஸ்டிக் நிற்காது. இவை உங்கள் ஊரிலேயே தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். சீட் கவருக்கும் இதே கேள்வி. ஒன் பீஸ் மாடல்களில் சீட்டின் வடிவம் மாடலுக்கு மாடல் மாறும். முட்டை, வட்டம், சதுரம், ஆங்கில டி போல. பொதுவான சீட் உட்காராது. பெயர் தெரியாத மலிவு சரக்கில் பீங்கான் நன்றாகவே இருக்கலாம், நாலு வருடம் கழித்து சீட் உடையும்போதுதான் அதன் விலை தெரியும். எட்டாயிரத்துக்கும் ஒன் பீஸ் இருக்கிறது, முப்பதாயிரத்துக்கும் இருக்கிறது. நடுவில் நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு உதிரிபாகம் கிடைக்குமென்றால் கொடுக்கலாம். டேங்க் மூடியின் வளைவுக்காக என்றால் அது உங்கள் இஷ்டம்.

பக்கவாட்டில் வளைவு தெரியாமல் முழுக்க மூடிய மாடல்கள் துடைக்கச் சுகம். ஆனால் தண்ணீர் இணைப்பு பின்னால் போய் மறைந்துகொள்ளும். அந்தத் தண்ணீரை மூடித் திறக்கும் ஆங்கிள் காக் என்ற குழாயை எங்கே வைப்பது என்று அளவுத்தாளைப் பார்த்து முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால், பிறகு அதை மூடத் திறக்கக் கை நுழையாது.

பொருத்தும் நாள்

கூட நில்லுங்கள். நம் ஊரில் கம்மோடை வெள்ளை சிமென்ட்டோ சாதா சிமென்ட்டோ வைத்து அப்பிவிடுவது பழக்கம். கெட்டியாக நிற்கும், உண்மைதான். நாளை ஒரு அடைப்புக்காகக் கழற்றவேண்டி வந்தால் உளியால் உடைக்கவேண்டும். ஒன் பீஸை உடைத்தால் மொத்தமும் குப்பை. துருப்பிடிக்காத ஸ்க்ரூவும், ஓட்டைக்கு ரப்பர் கனெக்டரும், சுற்றிலும் சிலிக்கான் பசையும்தான் சரியான முறை. பின்பக்கத்தில் ஒரு சின்ன இடத்தில் சிலிக்கான் போடாமல் விடச் சொல்லுங்கள். அடியில் கசிந்தால் அந்த வழியாகத் தண்ணீர் வெளியே வந்து காட்டிக்கொடுக்கும். சிலிக்கான் காய ஒரு நாள் விடவேண்டும்.

பாத்ரூம் தரைக்கு வாட்டம் இருக்கும், இருக்கவும் வேண்டும். கம்மோடு உட்காரும் இடம் மட்டும் மட்டமாக இருக்கவேண்டும். எங்கள் பிளம்பர் கிண்ணத்தின் மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை அடியில் பிளாஸ்டிக் சில்லுகளைச் செருகினார். அதற்குப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடம் செலவழிக்காத கம்மோடு உட்காரும்போதெல்லாம் லேசாக ஆடி, கனெக்டரைத் தளர்த்திவிடும்.

எல்லாம் முடிந்த பிறகு டேங்க்கில் நாலு சொட்டு நீலம் விட்டோம், துணிக்குப் போடும் அதே நீலம். இருபது நிமிடம் யாரும் ஃப்ளஷ் செய்யவில்லை. கிண்ணத்துத் தண்ணீர் வெள்ளையாகவே இருந்தால் வால்வு இறுக்கமாக மூடுகிறது. நீலமாகியிருந்தால் ராத்திரி பகலாகத் தண்ணீர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், மாடி டேங்க் ஏன் காலியாகிறது என்று தெரியாது. எங்களுக்கு முதல் முறை லேசாக நீலம் தட்டியது. பிளம்பர் வால்வைக் கழற்றி, ரப்பருக்கடியில் சிக்கியிருந்த ஒரு மணல் பருக்கையை எடுத்தார். இரண்டாம் முறை வெள்ளை.

உப்புத்தண்ணீர் வீடு என்றால் வருடத்துக்கு ஒருமுறையாவது இந்த வால்வுகளைக் கழற்றிக் கழுவவேண்டிவரும். மஞ்சள் கறைக்கு ஆசிட் ஊற்றாதீர்கள். கறை போகும், கூடவே கிளேஸின் பளபளப்பும் டைல்ஸ் இடுக்கின் பூச்சும் போகும். அடுத்த கறை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். வினிகரைக் கொட்டி ராத்திரி ஊறவிட்டுக் காலையில் பிரஷ் போட்டால் உப்புப்படலம் நெகிழ்ந்துவிடும். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் வரும் காவி நிறக் கறை கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதற்குப் பலமுறை ஊறவைக்கவேண்டும்.

பெட்டியைக் குப்பைக்குப் போடும் முன் அதிலிருந்த மாடல் எண் ஸ்டிக்கரைக் கிழித்து, "எஸ் ட்ராப், 9 இன்ச்" என்று பேனாவால் எழுதி, இ.பி. மீட்டர் பெட்டிக்குள் ஒட்டிவைத்தேன். சீட் கவர் உடையும் நாளில் கடையில் கேட்கும் முதல் கேள்வி அதுதான். அம்மா மறுநாள் காலை வெளியே வந்து சொன்னது ஒன்றே ஒன்று: "டேங்க் மூடி நல்லா அகலமா இருக்கு, சோப்பு டப்பா வெச்சுக்கலாம்."